அது சொந்தக் காரணம் இல்லை, தம்பி

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு தம்பி போன் செய்தான். ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு காலனிப் பையன். அம்மா பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறார். அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பையன் மீன்வள அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அந்தக் காலனியிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவன்தான்.

"அண்ணே, கப்பல் பயிற்சிக்குக் கொச்சி கூட்டிட்டுப் போறாங்கண்ணே. நான் வரலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏம்ப்பா?"

"ஏழாயிரம் முன்னாடியே கட்டணும்ணே. ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடுறேன்னு சொன்னேன். ஸ்காலர்ஷிப் வர்ற வரைக்கும் ரயில் நிக்குமான்னு கேக்காங்க."

"லெட்டர்ல என்ன எழுதுன?"

"சொந்தக் காரணங்களால் வர இயலவில்லைன்னு."

கல்லூரியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இது ஒரு கல்லூரியின் குற்றமோ ஒரு பேராசிரியரின் குற்றமோ மட்டும் இல்லை. இன்று எந்தத் தொழிற்கல்விக் கல்லூரியின் கோப்பைப் புரட்டினாலும் இப்படிப்பட்ட கடிதங்கள் கிடைக்கும். எல்லாவற்றிலும் இதே நான்கு சொற்கள்தான் இருக்கும். அந்த நான்கு சொற்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து பணம் போட்டோம். மில் தொழிலாளி ஒருவர், வாத்தியார் ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தோழர் என்று கல்யாண வீட்டு மொய் போல எழுதி வாங்கி அனுப்பினோம். தம்பி போனான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கப்பல் ஏறினான். வாந்தி எடுத்தான், வலை இழுத்தான், திரும்பி வந்தான். சந்தோஷம்தான். ஆனால் ஒரு மாணவனின் பாடத்திட்டத்தில் உள்ள பயிற்சிக்கு எட்டுப் பேர் மொய் வைத்தால், அதை உதவி என்று கொண்டாட முடியாது. அரசு கட்ட வேண்டிய பணத்தை நாம் கட்டியிருக்கிறோம். அவ்வளவுதான்.

வகுப்பறைக்குள் கடல் வராது

"மீன் படிப்புக்கு எதுக்குப்பா ஊர் ஊரா சுத்தணும்?" என்று நம் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கடல் மீன்வளம் என்பது புத்தகத்தோடு முடிகிற படிப்பு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மீன் இறங்குதளத்தில் நிற்க வேண்டும். எந்த வலையில் எந்த மீன், எவ்வளவு நீளம், சினை பிடித்ததா இல்லையா என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கப்பலில் ஏறி எதிரொலிமானியையும் வழிகாட்டும் கருவிகளையும் இயக்கிப் பழக வேண்டும். இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் ராத்திரி முழித்திருக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும் பதனிடும் ஆலைக்குள் போய் வர வேண்டும்.

இந்தப் படிப்பின் இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் பழைய மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில், 1977-இல் தொடங்கியது. 2012-இல் உருவான மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் பிறந்தது, இப்போது தலைமையகம் கொச்சியில். மீன்பிடிக் கப்பல் ஓட்டவும் அதன் இயந்திரத்தைப் பார்க்கவும் சொல்லித் தரும் மத்திய பயிற்சி நிறுவனம் 1963 முதல் கொச்சியில், அதன் கிளைகள் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும். மேற்படிப்புக்கான மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் மும்பையில்.

இதில் ஒன்றுகூட மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் இந்தப் படிப்புக்குப் போகிறவனுக்குப் பயணம்தான் பாடத்தின் பாதி. பயணம் நின்றால் பாதிப் படிப்பு நின்றது. சான்றிதழ் கிடைக்கும், வேலை தெரியாது. நேர்முகத் தேர்வில் "கப்பலில் எத்தனை நாள் இருந்தாய்?" என்று கேட்பார்கள். "சொந்தக் காரணங்களால் போகவில்லை" என்றா அங்கேயும் சொல்வது?

ஒரு நாளைக்கு 37 ரூபாய்

"உங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் தர்றாங்களே" என்று நம்மைப் பார்த்துச் சொல்லாத ஆள் இல்லை. சரி, கணக்குப் பார்ப்போம்.

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணம் போக, விடுதியில் தங்கித் தொழிற்கல்வி படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு அதிகபட்சப் பிரிவில் கிடைப்பது ஆண்டுக்கு 13,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,125. முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் நாளுக்கு 37 ரூபாய்க்குள். சோறு, புத்தகம், சோப்பு, ஊருக்கு வரும் பஸ், கப்பல் பயிற்சி எல்லாம் அதற்குள்தான்.

2010-ஆம் ஆண்டு விதிகளில் தொழிற்கல்வி மாணவர்களின் கல்விச் சுற்றுப்பயணத்துக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 1,600 ரூபாய். உண்மையான போக்குவரத்துச் செலவுக்கு மட்டும், அந்தப் பயணம் அவசியம் என்று நிறுவனத் தலைவர் சான்று கொடுத்தால். தொகை அற்பம். ஆனாலும் ஒரு கொள்கை அதில் இருந்தது: இந்தப் பிள்ளைகளின் படிப்பில் பயணமும் அடக்கம் என்று அரசு ஒப்புக்கொண்டிருந்தது. 2021-இல் வந்த புதிய விதிகள் தனித்தனித் தலைப்புகளை எல்லாம் ஒரே கல்விப்படிக்குள் மடக்கிவிட்டன. பயணம் என்ற சொல்லே காணாமல் போனது.

அதைவிட மோசம், பணம் வரும் நேரம். மாநில அரசு தன் 40 விழுக்காட்டை விடுவித்த பிறகுதான் மத்திய அரசின் 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். இடையில் ஆதார் இணைப்பு, வருமானச் சான்று, சாதிச் சான்று, சரிபார்ப்பு. கல்லூரிச் சுற்றுப்பயணம் தேதி குறித்தால் குறித்ததுதான். உதவித்தொகைக்குத் தேதியே கிடையாது.

இந்த நாட்டில் ஓர் அரசு அதிகாரி அலுவல் பயணம் போக வேண்டுமென்றால் பயண முன்பணம் வாங்கிக்கொண்டு போகலாம். போய் வந்து ரசீது கொடுத்துக் கணக்கை முடிக்கலாம். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு முன்பணம். சம்பளமே இல்லாத கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு "முதலில் நீ செலவழி, பிறகு பார்க்கலாம்" என்ற பதில். இந்த விதியை எழுதியவர் தன் மேசை டிராயரில் எப்போதும் ஏழாயிரம் ரூபாய் இருக்கும் வீட்டில் பிறந்தவர்.

"முதலில் கட்டு" என்ற விதியில் சாதியின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. தேவையும் இல்லை. அவசரத்துக்குக் கையில் எடுத்துக் கொடுக்கப் பணம், அடகு வைக்க நகை, கேட்டால் தரும் மாமா, எழுதி வைக்க நிலம், இவையெல்லாம் யாரிடம் இருக்கின்றன, யாரிடம் இல்லை என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளாக முடிவு செய்து வைத்திருப்பது சாதி. அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டு ரசீது கேட்கிறது அரசு. இதுதான் அந்தத் தம்பியின் "சொந்தக் காரணம்".

நம் பயணத்தை எப்போதும் யாரோ தடுத்திருக்கிறார்கள்

இது புதிது இல்லை, தோழர்களே. பாபாசாகேப் தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எந்த நிகழ்ச்சியோடு தொடங்குகிறது தெரியுமா? ஒரு பயணத்தோடு. 1901. சிறுவர்கள் அப்பாவைப் பார்க்க ரயிலில் வந்து இறங்குகிறார்கள். என்ன சாதி என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் அவர்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மற்றவர்களைவிட நமக்குப் பயணம் இரண்டு மடங்கு விலை என்பதை அந்தச் சிறுவன் ஒன்பது, பத்து வயதிலேயே தெரிந்துகொண்டான்.

அதே சிறுவன் 1913-இல் நியூயார்க் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகள். யோசித்துப் பாருங்கள். "நீ போய்ப் படித்துவிட்டு வா, ரசீது கொடு, பிறகு தருகிறோம்" என்று பரோடா அரசு சொல்லியிருந்தால் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு அம்பேத்கர் போயிருக்க முடியுமா? இந்திய அரசமைப்பை எழுதியிருக்க முடியுமா?

வைஸ்ராய் அவையில் உறுப்பினரான பிறகு 1942-இல் அவர் கொடுத்த கோரிக்கை மனுவில் இதை மறக்கவில்லை. சட்டமும் கலையும் மட்டும் படித்தால் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்படிப்பு வேண்டும், அதற்கு உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் தனித்தனியாக நிதி ஒதுக்கு என்று கேட்டார். கடல் மீன்வளம் படிக்கும் நம் பிள்ளை பாபாசாகேப் கேட்ட அந்த அறிவியல் படிப்பைத்தான் படிக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து வீடு கட்டிய ஊர். போலீஸ் படை உள்ளே புகுந்து அடித்து நொறுக்கியது. பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும்கூட எரிக்கப்பட்டதாக அந்த மக்கள் சாட்சி சொன்னார்கள். டிவியை உடைத்தால் கோபம் என்று சொல்லலாம். பாஸ்போர்ட்டை எரிப்பது கோபம் இல்லை. "நீ இந்த ஊரை விட்டு எங்கேயும் போகக் கூடாது" என்ற உத்தரவு.

1997. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. கட்டபொம்மன் படைத் தளபதி. ஆனால் நம் ஆள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கல்லெறிந்தார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன, நம் வட்டாரமும் தப்பவில்லை. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டு ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டப்பட்டது ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தித்தான். கலெக்டர் அலுவலகம் போய்த் திரும்பிய வழியில்.

இன்றைக்குப் பஸ்ஸில் கல்லெறிவது குறைந்திருக்கிறது. பாஸ்போர்ட்டை யாரும் எரிப்பதில்லை. ஒரு விண்ணப்பப் படிவமும் "பிறகு தருகிறோம்" என்ற ஒரு வரியும் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

கண்மாய் நம் ஊரில், மீன் யார் வீட்டில்?

"கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு மீன் படிப்பு எதுக்கு?" இது அடுத்த கேள்வி. இதற்கு இரண்டு பதில்.

முதல் பதில்: நிலவே இல்லாத ஊர்க்காரர்கள்தான் நிலவுக்கு விண்கலம் அனுப்புகிறார்கள். அறிவியல் யாருடைய குலத்தொழிலும் இல்லை.

இரண்டாவது பதில் நம் ஊர்க் கண்மாய்களில் கிடக்கிறது. நம் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். மழை பெய்து நிறைந்தால் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தை நம்மவர் எடுத்த ஊர் எத்தனை? கரையில் நின்று வேடிக்கை பார்க்கவும், தண்ணீர் வற்றும்போது சேற்றில் இறங்கிக் கூலிக்கு மீன் பிடிக்கவும் நாம். எடை போட்டுப் பணம் எண்ணுவது வேறு ஆள். தனி ஊராட்சி என்று அறிவித்ததும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் பத்து ஆண்டுகள் தேர்தலே நடத்த முடியவில்லை. 1996-இல் தொடங்கி 2006-இல்தான் முடிந்தது. நாற்காலி மட்டுமா பிரச்சினை? மேலவளவிலும் சரி, மற்ற ஊர்களிலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்தால் பொதுச்சொத்தின் சாவி கைக்கு வரும். கண்மாய் மீன் ஏலமும் அந்தச் சாவிக்கொத்தில் ஒன்று.

2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். அதில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 60 விழுக்காடு. காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் குளம் வெட்ட நிலம் வேண்டும். நிலம் இல்லையென்றால் குத்தகைப் பத்திரம் வேண்டும். திட்ட அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். மீதி 40 விழுக்காட்டைப் போட வேண்டும். காலனிக்குள் மீன்வளம் படித்த ஒரு பிள்ளை இருந்தால் அந்தத் திட்ட அறிக்கையை எழுதும். எந்தக் குஞ்சு, எவ்வளவு தீவனம், தண்ணீரில் உயிர்வளி எவ்வளவு என்று சொல்லும். ஏல அறிவிப்பு எப்போது வருகிறது என்று அலுவலகத்தில் போய்க் கேட்கும். அந்தப் பிள்ளையைத்தான் ஏழாயிரம் ரூபாய்க்காக நிறுத்திவைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கரையிலும் நாம் இருக்கிறோம், கணக்கில்தான் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் நடந்தது நினைவிருக்கும். மீன் சுமந்தவர்கள், உப்பளத்தில் நின்றவர்கள், கருவாடு காயவைத்தவர்கள் என்று பிழைப்பை இழந்த தலித் குடும்பங்கள் "நீங்கள் மீனவர் இல்லையே" என்று நிவாரண வரிசையிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். முகாம்களில் சேர்த்துத் தங்க வைக்கவும் மறுக்கப்பட்டார்கள். பழவேற்காடு ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்களைப் 'பாடு' முறைப்படி சாதிக்குள்ளேயே சுற்றில் விட்டு எடுத்துக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அங்கே வலை இருந்தும் நம் மக்களுக்கு இடமில்லை.

இதைச் சொல்வது மீனவ மக்களுக்கு எதிராக இல்லை. கடலில் சுடப்படுகிறவர்கள், சிறைபிடிக்கப்படுகிறவர்கள், துறைமுகத்துக்காகக் கரையை இழக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வரும் உதவித்தொகை இன்னும் கூடட்டும். நான் கேட்பது வேறு. மீன்வளத் துறைக்குப் போனால் "நீ மீனவன் இல்லை" என்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறைக்குப் போனால் "இது மீன்வளத் துறை சமாச்சாரம்" என்கிறார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

பஸ் ஸ்டாண்டுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில்

வெளிநாட்டுப் படிப்புக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. இன்றைக்கு ஆண்டுக்கு 125 இடங்கள். நாடு முழுமைக்கும். வேறு எங்காவது கல்வி உதவி கிடைத்து, போகும் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குப் பயண மானியம் மட்டும் தரும் ஏற்பாடும் ஒரு காலத்தில் இருந்தது. அந்த நல்ல யோசனையைக் கைவிட்டார்கள்.

2022-இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று விதியை மாற்றினார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராயாதே என்று அர்த்தம். "சரி, அறிவியல் படிக்கிறோம்" என்று போனால் அங்கே என்ன நடக்கிறது? 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது, வகுப்பு தொடங்கப் போகிறது, வீட்டில் பெட்டி கட்டியாயிற்று. நிதி இருந்தால் பார்க்கலாமாம்.

தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை அயல்நாட்டுப் படிப்புக்குத் தருகிறது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். போராடிப் பெற்றதைப் பெற்றோம் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் அந்த 36 லட்சத்தின் வாசல் வரைக்கும் போக ஒரு பிள்ளைக்கு என்னென்ன வேண்டும்? ஆங்கிலத் தேர்வுக்கு மட்டும் பல ஆயிரம் ரூபாய். அந்தத் தேர்வெழுத மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் தனி. "கப்பல் அனுபவம் உண்டா, ஆய்வுக்கூட அனுபவம் உண்டா?" என்று கேட்கும் படிவத்தில் எழுத இரண்டாம் ஆண்டில் போன அந்தக் கொச்சிப் பயிற்சி வேண்டும்.

அங்கேதான் முடிச்சு. இரண்டாம் ஆண்டில் ஏழாயிரம் இல்லாமல் நின்ற பிள்ளைக்கு, ஐந்தாம் ஆண்டில் 36 லட்சம் காத்திருந்து பயனில்லை. மாடியில் விருந்து வைத்துவிட்டு ஏணியின் முதல் நான்கு படிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு "தகுதியான விண்ணப்பங்கள் வரவில்லை" என்று கோப்பில் எழுதுவார்கள்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

அடுத்தவரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இது நேர்மையான கட்டுரை ஆகாது.

கிடைக்கும் உதவிகள் நம்மிலேயே யாருக்குப் போகின்றன? அப்பா ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருக்கும் வீட்டுக்கு அறிவிப்பு முதலில் தெரிகிறது. தூய்மைப் பணியாளர் வீட்டுக்குக் கடைசித் தேதி முடிந்த பிறகு தெரிகிறது. அருந்ததியர் மக்களுக்கு 2009-இல் கிடைத்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அது சேர்க்கையில் இருக்கிறது, வேலையில் இருக்கிறது. பயண உதவியில், அயல்நாட்டு உதவியில் அது எங்கே? நாம் ஒருவரை ஒருவர் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால், நம்மைப் பார்த்து மற்றவர்கள் "எல்லாவற்றையும் நீங்களே அனுபவிக்கிறீர்கள்" என்று சொல்லும் பொய்க்கு நாமே பாதி உண்மையைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

தங்கைகளின் நிலை இன்னும் கடினம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு முடிந்துவிடுகிறது. கொச்சிக்கு அனுப்பப் பணம் இல்லை என்பதை அப்பா வெளியே சொல்ல மாட்டார். "பொம்பளைப் பிள்ளையைக் கப்பலுக்கா அனுப்புறது?" என்று சொல்வார். பணமில்லாமையை மானம் என்று மூடி வைக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. பணத்தைக் கொடுத்துப் பாருங்கள், பாதி அப்பாக்கள் அனுப்புவார்கள். மீதிப் பேரோடு நாம் உட்கார்ந்து பேசலாம்.

இந்த வட்டாரத்தின் வாக்காளர்கள் பல பத்தாண்டுகளாகத் தனித்தொகுதி வாக்காளர்கள். முன்பு ராஜபாளையம் தனித்தொகுதி, 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இரண்டும் சேர்ந்து இருக்கும் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. நம் பெயரால் சட்டமன்றத்துக்கும் டெல்லிக்கும் போகிறவர்களுக்குப் பயணப்படி ஒழுங்காக வருகிறது. நம் பிள்ளைகளின் பயணப்படியைப் பற்றி அவர்களிடம் நாம் என்றைக்காவது எழுத்தில் கேட்டிருக்கிறோமா? சிலைக்கு மாலை போடும் நாளில் கேட்டிருக்கிறோமா?

கேட்க வேண்டியது என்ன?

1. பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு பயணத்துக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு முன்பணம். பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பே கல்லூரிக் கணக்குக்கு வர வேண்டும். ரசீதைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். இறுதியாண்டுக் களப்பயிற்சிக்கு உதவித்தொகை இருக்கிறது என்று பதில் சொல்வார்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்கு என்ன பதில்?

2. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பயணத்துக்குத் தனித் தலைப்பு மீண்டும் வர வேண்டும். 1,600 ரூபாய்க் கேலி வேண்டாம், உண்மைச் செலவு வேண்டும்.

3. தமிழ்நாட்டில் 2024-இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வந்துவிட்டது. மீன்வளத் துறையும் அதன்படி பங்கு ஒதுக்க வேண்டும். மத்திய மீன்வள ஆராய்ச்சி நிறுவனங்களும் பட்டியல் சாதித் துணைத்திட்ட நிதியில் ஐஸ் பெட்டியும் தராசும் வலையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. ஐஸ் பெட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நிதியில் மீன்வளம் படிக்கும் நம் மாணவர்களைக் கப்பலுக்கும் ஆய்வகத்துக்கும் அழைத்துப் போக ஒரு நிலையான பயண உதவித்தொகை வேண்டும். மீன் விற்கப் பெட்டி தருகிற அரசு, மீனை ஆராய இடம் தர வேண்டாமா?

4. அயல்நாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே ஆகும் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், பாஸ்போர்ட், தேர்வு மையப் பயணம் ஆகியவற்றுக்குத் தனி நிதி. பல்கலைக்கழகத்தின் பொதுத் தரவரிசையை மட்டும் பார்க்காமல் மீன்வளத் துறையின் தரத்தைப் பார்த்து அனுமதி.

5. இவை அனைத்திலும் அருந்ததியருக்கும் பெண்களுக்கும் உறுதியான பங்கு. பயன்பெற்றோர் எண்ணிக்கை மாவட்ட வாரியாக, ஆண்டுதோறும் பொதுவில்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

மாணவத் தோழர்களே, கோஷத்தோடு நிறுத்த வேண்டாம். பத்து ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு. உங்கள் கல்லூரிக்கே போடுங்கள். மூன்று கேள்விகள் போதும். கடந்த மூன்று கல்வியாண்டுகளில் கல்விச் சுற்றுப்பயணங்களுக்கும் பயிற்சிகளுக்கும் போன மாணவர்கள் எத்தனை பேர், பிரிவு வாரியாக? போகாமல் விலக்குக் கடிதம் கொடுத்தவர்கள் எத்தனை பேர், பிரிவு வாரியாக? ஒவ்வொரு பயணத்துக்கும் மாணவரிடம் முன்கூட்டி வாங்கிய தொகை எவ்வளவு?

பதில் வந்ததும் பிரிவு வாரியாகக் கூட்டிப் பாருங்கள். "சொந்தக் காரணம்" யாருக்கு அதிகம் வருகிறது என்று அந்தத் தாளே சொல்லும். மீன்வளம் மட்டும் இல்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவம், கட்டடக்கலை, நர்சிங் என்று பயணம் இருக்கும் எல்லாப் படிப்புக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்டதைச் சேர்த்து வைத்தால் அதுதான் சட்டமன்றத்தில் வைக்க வேண்டிய ஆவணம்.

அடுத்த முறை பணமில்லாமல் போக முடியாவிட்டால், தயவுசெய்து "சொந்தக் காரணங்களால்" என்று எழுதாதீர்கள். "உதவித்தொகை இன்னும் வராத காரணத்தால் என்னால் வர இயலவில்லை" என்று எழுதுங்கள். தேதி போடுங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டியது நாம் இல்லை. கடிதத்தில் உண்மை எழுதப்பட்டால் அதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். பொய்யை எழுதினால் கோப்பு மூடப்படும்.

அந்தத் தம்பி கொச்சியிலிருந்து திரும்பிய அன்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் செய்தான். "அண்ணே, பாதை போடுற கருவி எல்லாம் நானே ஓட்டுனேண்ணே. அடுத்த வருசம் நம்ம காலனியில இருந்து இன்னொரு பிள்ளை சேருது. அதுக்கும் மொய் எழுதணுமாண்ணே?"

கூடாது, தம்பி. இரண்டாவது முறை மொய் எழுதினால் அது வழக்கமாகிவிடும். இந்த முறை மனு எழுதுவோம்.

ஜெய்பீம்.